குட்டி நாய்க்கு லூஸ் மோஷனா? மரக்காணம் கரையில் முதலில் நிறுத்த வேண்டியது பால், கருவாடு, உப்புத் தண்ணீர்!

வீட்டுக்குக் குட்டி வந்து ரெண்டு நாள்கூட ஆகியிருக்காது. காலையில் எழுந்து பார்த்தால் வாசலெல்லாம் தண்ணி மாதிரி கழிச்சல். உடனே போனை எடுத்து 'வயிறு சரியில்லாத குட்டிக்கு எந்த ஃபுட் நல்லது' என்று தேடுவதுதான் இப்போது வழக்கம். வந்து நிற்பது பாதிக்கு மேல் விளம்பரம். கோழி, ஆட்டுக்கறி, சால்மன், தானியம் இல்லாதது, சென்சிட்டிவ் ஸ்டமக் என்று விதவிதமான மூட்டைகள்.

புது மூட்டை வாங்குவது கடைசி வேலை. அதற்கு முன்னால், இத்தனை நாள் குட்டியின் வாய்க்குள் என்ன போனது என்பதைப் பார்க்க வேண்டும். மரக்காணம் மாதிரி உப்பளக் கரையில் இந்தக் கேள்விக்கு வேறு ஊர்களில் இல்லாத ஒரு பதிலும் இருக்கிறது.

சென்னையிலிருந்து புதுச்சேரி போகும் கிழக்கு கடற்கரைச் சாலையில், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது மரக்காணம். சாலையோரம் கண்ணுக்கு எட்டிய வரை உப்புப் பாத்திகள், பக்கத்தில் கழுவெளி சதுப்பு நிலம், இன்னொரு பக்கம் மீனவக் குப்பங்கள். குப்பத்தில், உப்பளத்தில், டீக்கடை வாசலில் எல்லாம் குட்டிகள் சுற்றுகின்றன. வீக் எண்ட் டிரைவ் வந்துவிட்டுத் திரும்பும்போது ஒரு குட்டியை மடியில் வைத்துக்கொண்டு சென்னை ஃபிளாட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. இந்தக் கட்டுரை இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான்.

சாப்பாட்டைப் பற்றி யோசிக்கும் முன்...

குட்டி துள்ளிக் குதித்து விளையாடுகிறது, பசிக்குது என்று கத்துகிறது, ஆனால் மோஷன் மட்டும் இளகிப் போகிறது என்றால் பதற்றம் வேண்டாம். ஒரு நாள் வீட்டுப் பத்தியத்தில் வைத்துப் பார்க்கலாம். குட்டி இரண்டு மாதத்துக்குக் கீழே என்றால் அந்த ஒரு நாள்கூட அதிகம். நேராக மருத்துவரிடம் போய்விடுவது நல்லது.

வாந்தியும் சேர்ந்து வருகிறதா? மலத்தில் ரத்தம், அழுகல் நாற்றம் இருக்கிறதா? குட்டி சோர்ந்து மூலையில் சுருண்டு கிடக்கிறதா? அப்படியானால் இது உணவுப் பிரச்சினையாக இருக்க வாய்ப்பு குறைவு. முதல் சந்தேகம் பார்வோ வைரஸ்தான்.

1978-ல் உலகுக்குத் தெரியவந்த வைரஸ் இது. அடுத்த சில ஆண்டுகளிலேயே, 1980-களின் தொடக்கத்தில், சென்னையிலும் பதிவானது. ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையிலான குட்டிகளைத்தான் அதிகம் தாக்கும். குடலின் உள் படலத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் செல்களை இந்த வைரஸ் அழித்துவிடுகிறது. சாப்பாடு உறிஞ்சப்படுவதில்லை, குடலில் இருக்கும் பாக்டீரியா ரத்தத்துக்குள் நுழைந்துவிடுகிறது. சிகிச்சையே கொடுக்காவிட்டால் பத்துக் குட்டியில் ஒன்பது பிழைப்பதில்லை. சரியான நேரத்தில் டிரிப் ஏற்றி, வாந்தியை நிறுத்தும் மருந்து கொடுத்துக் கவனித்தால் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகிறது. பத்தில் எட்டு, ஒன்பது பிழைத்துவிடும்.

வைரஸ் உடலுக்குள் போய் அறிகுறி தெரிய நாலு முதல் ஏழு நாள் ஆகும். அதனால், வாங்கி வந்த ரெண்டாம் நாளே ரத்தக் கழிச்சல் என்றால், குட்டி நோயை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கே வந்திருக்கிறது. நேற்று கொடுத்த சோறு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டிருந்தால் அந்த நேரமும் வீண்தான்.

உடம்பில் நீர் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். ஈறைத் தொட்டால் வழவழப்பாக ஈரமாக இருக்கணும். பிசுபிசு என்று ஒட்டினாலோ, வெளிறிப்போய் இருந்தாலோ, தோள்பட்டைத் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டால் அது மெதுவாக இறங்கினாலோ உடனே கிளம்பிவிட வேண்டும். மரக்காணத்திலிருந்து திண்டிவனமும் புதுச்சேரியும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். புதுச்சேரி குரும்பபேட்டையில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி, 1903 முதல் அங்கேயே இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி.

மூணு டீஸ்பூன் போதும்

இப்போது மரக்காணத்துக்கே உரிய பிரச்சினை. கடல் தண்ணீரே நாய்க்குப் பேதி மருந்து மாதிரிதான். உப்பு நிறைந்த நீர் குடலுக்குள் போனதும், உடம்பில் இருக்கும் தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். பீச்சில் ஒரு மணி நேரம் அலையில் விளையாடிய குட்டிக்கு அன்று சாயங்காலமே தண்ணியாகப் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கடல் நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. உப்பளத்தில் அதே நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்டவைக்கிறார்கள். அடர்த்தியை டிகிரி கணக்கில் அளப்பார்கள். கடலில் மூன்று டிகிரி சொச்சமாக இருப்பது, உப்பு பூக்கும் பாத்தியில் சுமார் 25 டிகிரிக்கு வந்துவிடும். அந்த நிலையில் ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு 250 கிராமுக்கும் மேல்.

நாய்க்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2 கிராம் உப்பு ஒரேயடியாக உள்ளே போனாலே நச்சு அறிகுறி தொடங்கலாம். கிலோவுக்கு 4 கிராம் என்பது உயிர் போகும் அளவு. ரெண்டு கிலோ எடையுள்ள குட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு 4 கிராம் உப்பே ஆபத்து. கடல் நீர் என்றால் அது ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் குறைவு. பாத்தி நீர் என்றால் சுமார் 15 மில்லி, அதாவது மூணு டீஸ்பூன். ஆறு டீஸ்பூனில் 8 கிராம் வந்துவிடுகிறது.

இவ்வளவு கரிப்பாக இருக்கும் தண்ணீரை எந்த நாயும் ஆசைப்பட்டுக் குடிக்காது, உண்மைதான். ஆனால் உப்பு சீசனே கோடையில்தான் உச்சத்தில் இருக்கும். சித்திரை வெயிலில் பக்கத்தில் நல்ல தண்ணீர் இல்லாத குட்டி, கிடைத்ததை நக்கும். பாத்தியில் ஓடி விளையாடிவிட்டு நனைந்த காலையும் வயிற்றையும் நக்கியே சுத்தம் செய்யும். உப்பு எடுத்த பிறகு மிஞ்சும் கசப்பு நீர் இன்னொரு தலைவலி. அதில் மெக்னீசியம் உப்புகள் அதிகம். நம் தாத்தா பாட்டி காலத்தில் வயிற்றைச் சுத்தம் செய்யக் குடித்த பேதி உப்பும் ஒரு மெக்னீசியம் உப்புதான்.

உப்பு அதிகமானால் முதலில் வாந்தி, கழிச்சல், அடங்காத தாகம். பிறகு தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு. முதல் கட்டத்தில் பார்த்தால் சாதாரண லூஸ் மோஷன் மாதிரியே இருக்கும் என்பதுதான் சிக்கல். தள்ளாடத் தொடங்கிய குட்டிக்கு ஒரேயடியாகக் குடம் தண்ணீரைக் காட்டுவதும் சரியில்லை. ரத்தத்தில் ஏறிய சோடியம் வேகமாக இறங்கினால் மூளை வீங்கும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி நல்ல தண்ணீர் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். 'உப்பளத்தில் சுற்றிய குட்டி' என்ற தகவலை மறக்காமல் சொல்லுங்கள். இந்த ஒரு வரியால் சிகிச்சையே மாறும்.

இன்னொன்று. குட்டி எதையாவது விழுங்கிவிட்டால் உப்புக் கரைசலைப் புகட்டி வாந்தி எடுக்க வைப்பது பழைய கைவைத்தியம். மேலே சொன்ன கணக்கைப் பார்த்தால் அது ஏன் கூடாது என்பது புரியும்.

தடுப்பு ரொம்பச் சாதாரணமானது. உப்பளத்தில் வேலை செய்பவர்களோடு குட்டியும் வந்தால், நிழலில் ஒரு சட்டி நல்ல தண்ணீர். வீடு திரும்பியதும் காலையும் வயிற்றையும் கழுவி விடுவது.

பாலும் பிஸ்கட்டும் ஏன் ஒத்துக்காது?

குட்டி என்றாலே கிண்ணத்தில் பால். பக்கத்தில் ரெண்டு பிஸ்கட். தமிழ்நாட்டில் இதைச் செய்யாத வீடு அபூர்வம்.

பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்க லாக்டேஸ் என்ற நொதி தேவை. தாய்ப்பால் குடிக்கும் வயதில் குட்டியின் குடலில் அது நிறைய சுரக்கும். பால் மறக்க மறக்கக் குறைந்துவிடும். செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, வாயு, வயிற்று உப்புசம், கழிச்சல். பசும்பாலில் நாய்ப்பாலைவிட லாக்டோஸ் அதிகம். புரதமும் கொழுப்புமோ நாய்ப்பாலில் இருப்பதில் பாதிகூடத் தேறாது. கெடுதல் கூட, சத்துக் குறைவு.

அப்போ கண் திறக்காத குட்டி கிடைத்தால்? நாலு வாரத்துக்குக் கீழே இருப்பதற்குச் சோறும் செரிக்காது, பசும்பாலும் சரியில்லை. குட்டிகளுக்கென்றே விற்கும் பால் பவுடர் இருக்கிறது. கால்நடை மருந்துக் கடைகளில் கிடைக்கும். குட்டியை மல்லாக்கப் படுக்கவைத்துப் புகட்டவே கூடாது. குப்புற, தாயிடம் குடிக்கும் நிலையிலேயே புகட்டணும். இல்லாவிட்டால் பால் நுரையீரலுக்குப் போய்விடும்.

இதில் தாய் நாயை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சிறுபாணாற்றுப்படையில் ஒரு காட்சி உண்டு. பசியில் வாடும் பாணன் வீட்டு அடுப்பங்கரையில், கண் திறக்காத குட்டி பால் வற்றிய தாயின் மடியை இழுக்க, அதைத் தாங்க முடியாமல் தாய் நாய் குரைக்கிறது. அதே பாட்டுதான் பாணனை எயிற்பட்டினம் வழியாகப் போகச் சொல்கிறது. அந்த எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. தெருவில் குட்டி போட்ட நாய்க்கு ஒரு வேளை நல்ல சோறு போட்டால், அது நேராகக் குட்டிகளின் வயிற்றுக்குத்தான் போகிறது. கிண்ணத்தில் பால் ஊற்றிக் குட்டியைத் தனியாகப் பிரிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மீன் ஓகே, கருவாடு வேண்டாம்

அந்தப் பழம்பாட்டில் எயிற்பட்டினத்து விருந்தாக வருவதே காய்ந்த குழல்மீனைச் சுட்டதுதான். கருவாடு இந்தக் கரையின் ருசி, அதை யாரும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் நாய்க்கு அது வேறு கணக்கு. உப்பு போட்டுக் காயவைத்த கருவாட்டில், அதன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உப்பு இருப்பது சாதாரணம். கழுவாமல் வீசிய நாற்பது கிராம் துண்டிலேயே ரெண்டு கிலோ குட்டிக்கு ஆபத்தான அளவு உப்பு வந்துவிடுகிறது. ஆரோக்கியமான நாய் தண்ணீர் குடித்து அதைச் சமாளித்துக்கொள்ளும். ஏற்கெனவே கழிச்சலில் நீர் வற்றிய குட்டியால் முடியாது.

கருவாட்டுக் குழம்பு ஊற்றிய சோறு என்றால் உப்போடு வெங்காயம், பூண்டு, காரமும் சேருகிறது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. சமைத்தாலும் அந்தக் குணம் போகாது. 'எங்க வீட்டு நாய் பத்து வருஷமா இதைத்தான் சாப்பிடுது' என்ற பதில் உடனே வரும். வளர்ந்த நாட்டு நாய்க்கும் ஆறு வாரக் குட்டிக்கும் இருக்கும் வித்தியாசத்தை அந்தப் பதில் கணக்கில் எடுப்பதில்லை. தாங்காமல் போன குட்டிகளைப் பற்றி யாரும் பத்து வருஷம் கழித்துப் பேசுவதும் இல்லை.

அதே நேரத்தில், வயிறு சரியில்லாத குட்டிக்கு மீன் நல்ல உணவு. உப்பு, மசாலா போடாமல் வேகவைத்து, முள் முழுக்க எடுத்து, தோலையும் எண்ணெயையும் தவிர்த்துக் கொடுத்தால் கோழியைவிடச் சீக்கிரம் செரிக்கும். கொழுப்பு குறைந்த வெள்ளைச் சதை மீனாக இருந்தால் நல்லது. மத்தி மாதிரி எண்ணெய் மீன்கள் இந்த நேரத்துக்கு வேண்டாம். பச்சையாகவே கூடாது. சில மீன்களில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் நொதி இருக்கிறது; வேகவைத்தால் அது செயலிழந்துவிடும். வலையில் சிக்கிக் கரையில் தூக்கி எறியப்படும் பேத்தை மீன் பக்கம் மட்டும் குட்டியை விடவே கூடாது. அந்த நஞ்சு வேகவைத்தாலும் போகாது.

சரி, என்னதான் கொடுக்கணும்?

முன்பெல்லாம் 'ஒரு நாள் பட்டினி போடு, வயிறு ஓயட்டும்' என்பார்கள். குட்டிகள் விஷயத்தில் இப்போது இதை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். குட்டியின் கல்லீரலில் சேமிப்புச் சர்க்கரை ரொம்பக் குறைவு. நீண்ட நேரம் வயிறு காலியாக இருந்தால் ரத்தச் சர்க்கரை இறங்கி மயங்கிவிடும். குடல் செல்களும் தங்களுக்கு வேண்டிய சத்தில் பெரும்பகுதியை, கடந்து போகும் உணவிலிருந்து நேரடியாகத்தான் எடுக்கின்றன.

தென்னாப்பிரிக்காவில் நடந்து 2003-ல் வெளியான ஆய்வு ஒன்று இதில் முக்கியம். கடுமையான பார்வோ தாக்கிய 30 நாய்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கப்படி வாந்தி நிற்கும் வரை வாய் வழியாக எதுவும் கிடையாது. இன்னொரு பிரிவுக்கு, சேர்த்த 12 மணி நேரத்திலிருந்தே மூக்கு வழிக் குழாயில் கொஞ்சம் கொஞ்சமாக உணவு. உணவு கொடுத்த 15-ம் பிழைத்தன, சீக்கிரமே தேறின. கொடுக்காத 15-ல் 13 பிழைத்தன. எண்ணிக்கை சின்னதுதான். ஆனால் 'பட்டினிதான் மருந்து' என்ற நம்பிக்கையை அசைக்க அது போதுமானதாக இருந்தது. இதைப் படித்துவிட்டு, வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும் குட்டியின் வாயில் சோற்றைத் திணிக்கக் கூடாது. அது மருத்துவமனையில், வாந்தி மருந்தோடு செய்யும் வேலை.

வாந்தி இல்லாத, சுறுசுறுப்பான குட்டிக்கு வீட்டுப் பத்தியம் எளிது. குழையக் குழைய வேகவைத்த பச்சரிசிச் சோறு, தோல், எலும்பு இல்லாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி அல்லது முள் எடுத்த மீன். உப்பு, மஞ்சள், எண்ணெய், நெய் எதுவும் வேண்டாம். சோறு ரெண்டரைப் பங்கு, கறி ஒரு பங்கு.

அளவு? ரெண்டு கிலோ குட்டியின் அடிப்படைத் தேவை ஒரு நாளைக்குச் சுமார் 120 கலோரி. வேகவைத்த சோறு 60 கிராம், கறி 25 கிராம் சேர்ந்தால் கிட்டத்தட்ட இந்தக் கணக்கு வந்துவிடும். நாலைந்து மேசைக்கரண்டி சோறு, ரெண்டு விரல் அளவுக் கறித்துண்டு, அவ்வளவுதான். இதை ஐந்து, ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுக்கணும். பார்க்க ரொம்பக் குறைச்சலாகத் தெரியும், பாட்டி கோபித்துக்கொள்வார். முதல் நாளுக்கு இது போதும். மறுநாள் மோஷன் கெட்டியாகத் தொடங்கினால் அளவைக் கூட்டிக்கொண்டே போகலாம். வளரும் குட்டிக்கு வழக்கமான நாளில் இதைப் போல மூணு மடங்கு தேவைப்படும்.

வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணி ஒரு டீஸ்பூன் சேர்க்கலாம், நார்ச்சத்துக்கு. தயிரில் லாக்டோஸ் கொஞ்சம் குறைவு என்பதால் சில குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளும், சிலவற்றுக்கு இல்லை. முதல் நாளே பரிசோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஓஆர்எஸ் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். வாந்தி இல்லை என்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். ஆனால் பாக்கெட்டில் போட்டிருக்கும் முழு அளவுத் தண்ணீரில் கரைக்கணும். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம்தான் சமையல் உப்பு. ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் அது மருந்தாக இருக்காது. கையால் ஒரு சிட்டிகை, ரெண்டு சிட்டிகை என்று போடுவதும் உப்பளக் கணக்கில்தான் முடியும்.

இந்தச் சோறு-கோழிப் பத்தியம் மூணு, நாலு நாளைக்கு மேல் நீளக் கூடாது. இதில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. 'கோழிச் சோறுதான் ஒத்துக்குது' என்று மாதக்கணக்கில் அதையே கொடுத்தால் வளரும் எலும்பு வளைந்துவிடும். ராஜபாளையம், சிப்பிப்பாறை மாதிரி உயரமாக வளரும் குட்டிகளில் இந்தப் பாதிப்பு சீக்கிரமே கண்ணில் படும்.

மூட்டை வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

முன்பக்கத்தில் இருக்கும் நாய்ப் படத்தையும் பெரிய எழுத்தையும் விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்புங்கள். 'முழுமையான, சமச்சீர் உணவு' என்று இருக்கிறதா, அது 'வளரும் குட்டிகளுக்கு' அல்லது 'எல்லா வயதுக்கும்' என்று போட்டிருக்கிறதா? 'வளர்ந்த நாய்களுக்கு' என்றால் குட்டிக்கு வேண்டாம். 'ட்ரீட்' வகைகளில் இந்த வாசகமே இருக்காது, அவை சாப்பாடு இல்லை. தயாரித்த தேதியும் பாருங்கள். மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக எடை போட்டு விற்பதை, விலை குறைவு என்று வாங்குவது புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால் கடற்கரைக் காற்றின் ஈரப்பதத்தில் திறந்து வைத்த உலர் உணவு சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், கொழுப்பும் சிக்கு வாடை அடிக்கும். அதுவே அடுத்த கழிச்சலுக்குக் காரணமாகலாம்.

பெரும்பாலான குட்டிகளுக்கு உணவு மாறும் வேகம்தான் பிரச்சினை, பிராண்டில் இல்லை. பழையது முக்கால், புதியது கால் என்று தொடங்கி, ரெண்டு மூணு நாளுக்கு ஒரு முறை புதியதைக் கூட்டி, ஒரு வாரம் பத்து நாளில் முழுசாக மாற்றணும். புதிதாகக் குட்டி வாங்குபவர்கள், அதுவரை அது என்ன சாப்பிட்டது என்று கேட்டு, அதையே முதல் வாரம் கொடுப்பது நல்லது. கேட்காமல் வருபவர்கள்தான் அதிகம்.

'தானியம் இல்லாதது' என்று கூடுதல் விலை சொன்னால் யோசியுங்கள். அரிசி நாயின் வயிற்றுக்கு எதிரி இல்லை. நன்றாக வெந்த அரிசி சுலபமாகச் செரிக்கும். வயிற்றுக் கோளாறுக்கென்றே மருத்துவர் எழுதித் தரும் உணவுகள் தனி வகை. கழிச்சல் திரும்பத் திரும்ப வரும் குட்டிக்கு அவை உதவும், ஆனால் அது அவர் பார்த்துச் சொல்ல வேண்டியது.

எதை மாற்றியும் நிற்கலையா? புழுவைப் பாருங்க

வயிறு பானை மாதிரி, உடம்பு மெலிசு, முடி சொரசொரப்பு. இந்தத் தோற்றம் இருந்தால் உணவை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. உருண்டைப் புழு தாயின் கருப்பையிலேயே குட்டிக்கு வந்துவிடுகிறது. கொக்கிப் புழு தாய்ப்பால் வழியாக வரும், ரத்தத்தை உறிஞ்சும். அதனால்தான் இரண்டு வார வயதிலிருந்தே பூச்சி மருந்து தொடங்கச் சொல்கிறார்கள். எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை. எடைக்கு ஏற்ற அளவு என்பதால் ஒவ்வொரு முறையும் குட்டியை நிறுத்துப் பார்த்துத்தான் கொடுக்கணும்.

கடற்கரைக்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்கக் காரணம் உண்டு. கொக்கிப் புழுவின் லார்வா ஈர மணலில் நன்றாக வாழும். வெறுங்காலில் நடக்கும் மனிதர்களின் தோலுக்குள்ளும் புகுந்து, கோடு கோடாக அரிப்பை உண்டாக்கும். குட்டியின் கழிச்சலை மணலில் தள்ளி மூடுவதைவிட, அள்ளி அப்புறப்படுத்துவது வீட்டுக் குழந்தைகளுக்கும் நல்லது.

மனிதர்களின் மாத்திரைகளைப் பற்றி ஒரு பத்தி போதும். குட்டி உடம்பு சுடுகிறது என்று 650 மில்லிகிராம் பாராசிட்டமால் கொடுத்தால், ரெண்டு கிலோ குட்டிக்கு அது கிலோவுக்கு 325 மில்லிகிராம். கிலோவுக்கு 100-ஐத் தாண்டினாலே நாயின் கல்லீரலுக்கு ஆபத்து. லூஸ் மோஷனை நிறுத்தும் லோபிரமைடு, வெளியேற வேண்டிய நச்சைக் குடலுக்குள்ளேயே தங்கவைக்கும். மீந்துபோன ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம். லேசான, மிதமான கழிச்சலுக்கு நாய்களுக்கு ஆன்டிபயாட்டிக் தேவையில்லை என்று 2024-ல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது.

தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, இரண்டு முதல் நாலு வார இடைவெளியில், பதினாறு வாரம் முடியும் வரை போட வேண்டும். ஒரு ஊசி போட்டாச்சு என்று நிறுத்திவிட்டால், தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் அந்த ஊசியை வேலை செய்ய விடாமல் தடுத்திருக்கலாம். வீட்டில் ஏற்கெனவே ஒரு குட்டி பார்வோவில் இறந்திருந்தால், அந்த வைரஸ் தரையிலும் மண்ணிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். சாதாரண ஃபினாயிலை நம்ப முடியாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, முதலில் அழுக்கைக் கழுவிய தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். மண் தரையை இப்படிச் சுத்தம் செய்ய முடியாது. அந்த வீட்டுக்கு அடுத்த குட்டி வருவதானால், அது தடுப்பூசிகளை முழுவதுமாக முடித்த பிறகு வரட்டும்.